சரக்கா, விலாசமா?

பயப்படுவதற்கென்று அரசாங்கம் தனி இலாகா ஒன்று தொடங்கினால், அமைச்சர் முதல் பியூன் வரை எல்லாப் பதவிக்கும் ஒரே ஆளைப் போட்டுவிடலாம். அவர் விலாசம் சார். நாய்க்குப் பயப்படுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாயே இல்லாத தெருவில் நின்று, "இன்னாது, ஒரு நாயக்கூடக் காணோம்? எல்லாம் எங்க போயி ஒண்ணா நிக்குதுங்க?" என்று பயப்பட்டவரை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். கரண்ட் போனால் அவருக்குப் பயம். திரும்பி வந்தால் இன்னும் பயம், வோல்டேஜ் ஜாஸ்தியாக வந்திருக்குமோ என்று. முதலாளி கூப்பிட்டால் பயம். கூப்பிடாமலே இருந்தால், வேறு ஆளைப் பார்த்துவிட்டாரோ என்று பயம்.

இப்படிப்பட்ட மனிதரைப் பார்த்து நாங்கள் நான்கு பேர் நடுங்கினோம் என்பதுதான் வேடிக்கை.

கள்ளக்குறிச்சிக்கு ஐபோன் வந்து சேராத, ஆனால் ஐபோனுக்கு புரோகிராம் எழுதும் வேலை மட்டும் எப்படியோ வழி தவறி வந்துவிட்ட காலம் அது. கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு உரக்கடையின் மாடியில் எங்கள் கம்பெனி. கீழே யூரியா, மேலே சாஃப்ட்வேர். முதலாளிக்குப் பரம்பரைத் தொழில் கரும்பு. சென்னையில் படித்த மச்சான் ஒருவர் பேச்சைக் கேட்டு, கரும்புக்கு நடுவே ஊடுபயிராகக் கம்ப்யூட்டர் போட்டிருந்தார். விளைச்சல் சுமார்தான்.

நான் எம்.ஏ. ஆங்கிலம். புரோகிராம்களுக்கு 'ஹெல்ப்' பக்கம் எழுதுவது என் உத்தியோகம். அதாவது எனக்கே விளங்காத ஒன்றை உலகத்துக்கு விளக்குவது. இப்போது பத்திரிகையில் கட்டுரை எழுதிப் பிழைக்கிறேன். தொழிலை மாற்றிக்கொண்டதாக என் மனைவி ஒப்புக்கொள்வதில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று, எங்களுக்கெல்லாம் மூத்த புரோகிராமரான விலாசம் சார் என்னை உட்கார வைத்து, கையில் ஒரு கிளாஸ் டீயைக் கொடுத்தார்.

"தம்பி, இது இன்னா?"

"டீ சார்."

"கையில இருக்குதா? சுடுதா?"

"சுடுது சார்."

"முழு நம்பரு இன்ட்டு, அது இதான். புள்ளி வெச்ச நம்பரு ஃப்ளோட்டு, அதும் இதான். ஆமாவா இல்லையான்னு சொல்ற பூலியனும் இதான். எல்லாம் சரக்கு. உங் கையிலயே இருக்குது. குடி."

குடித்தேன். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் 'பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செருப்புக்கடைக்குப் பக்கத்தில், பெருமாள் டீக்கடை' என்று எழுதி நீட்டினார்.

"இது இன்னா?"

"டீக்கடை சார்."

சொல்லியிருக்கக் கூடாது.

"டீக்கடையா? இதுவா? எங்க பாய்லரு? எங்க பெஞ்சு? இதப் புழிஞ்சா டீ வருமா? காயிதம்யா இது! கடைக்கு விலாசம். அவ்ளோதான்." மூச்சு வாங்கியது அவருக்கு. "ஐபோனுக்கு நாம எழுதற பாஷ ஆப்ஜெக்டிவ்-சி, அதுல ஆப்ஜெக்ட்டு பூரா இப்டித்தான். சரக்கு எங்கியோ கெடக்கும். நம்ம கையில விலாசம் மட்டுந்தான். ஸ்டார் போட்டிருந்தா விலாசம், ஸ்டார் இல்லன்னா சரக்கு. புரிதா?"

"புரியுது சார்."

"புரியல உனக்கு." குரலைத் தாழ்த்தினார். "பெருமாளு கடையக் காலி பண்ணிட்டுப் போயிட்டான்னு வெய்யி. உங் கையில காயிதம் அப்டியேதான இருக்கும்? நீ பாட்டுக்கு அங்க போயி நிப்ப. அந்த எடத்துல இன்னா இருக்கும்?"

"தெரியல சார்."

"எனக்கும் தெரியாது," என்றார். "அதாந் தம்பி பயம்."

அன்றிலிருந்து நான் எழுதாத புரோகிராம்களுக்கும் சேர்த்துப் பயப்படத் தொடங்கினேன்.

யார் எதைத் தட்டினாலும் பின்னால் வந்து நிற்பார். தோளுக்கு மேலே தலை நீளும். "சரக்கா, விலாசமா?" அவ்வளவுதான் கேள்வி. ஆபீஸ் விஷயம் என்று மட்டும் இல்லை. மதியச் சாப்பாட்டில் "ஊறுகாய் இருக்கு சார்" என்றால், "சரக்கா, விலாசமா?" ஊறுகாய் எதிரே இருக்க வேண்டும். வீட்டில் இருக்கிற ஊறுகாயை அவர் ஊறுகாயாக மதிக்கமாட்டார். பெயர் அப்படி வந்ததுதான். நிஜப் பெயர் சம்பளத்தன்று மட்டும் முதலாளிக்குத் தெரியும்.

எங்களில் ஒருவன் மணலூர்பேட்டைக்காரன். பேட்டை என்று கூப்பிடுவோம். கை வேகம், புத்தி அதைவிட வேகம், இரண்டும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. அமெரிக்காவில் ஒருவருக்கு உடம்பு இளைக்க ஒரு புரோகிராம் செய்து கொடுத்தோம். பேட்டை எழுதிய பக்கத்தில் அந்த மனிதருக்கு வயது பதினாறு கோடிச் சொச்சம் என்று வந்தது. தினம் எவ்வளவு நடக்க வேண்டும் என்று அதை வைத்துக் கணக்குப் போட்டு, நடக்கவே வேண்டாம் என்று புரோகிராம் சொல்லிவிட்டது.

"வயசு கொஞ்சம் ஜாஸ்தியா வருது சார்," என்றான் பேட்டை, ஏதோ குழம்பில் உப்பைச் சொல்வது போல.

விலாசம் சார் திரையைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "டேய், அது வயசு இல்லடா. அந்தாளு வயசு குடியிருக்கிற வூட்டோட கதவு நம்பரு! வூட்டுக்குள்ள போயி வயசக் கேளுடான்னா, கதவு நம்பரப் பாத்து எழுதிக்கினு வந்திருக்கியே!"

அன்று முழுக்க அவருக்குக் கை நடுங்கியது. பேட்டைக்கு நடுங்கவில்லை. இந்த வித்தியாசத்தால்தான் கம்பெனி ஓடியது.

அடுத்தது விசிறிக் கதை. அந்தக் காலத்து ஆப்ஜெக்டிவ்-சி-யில் நாம் உண்டாக்கிய பொருளை நாமே ஒழிக்க வேண்டும், வேலைக்காரி கிடையாது. ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கணக்கு அந்தப் பொருளோடேயே இருக்கும். பிடிக்கிறவன் ரீட்டெய்ன் என்று சொல்லி ஒன்றைக் கூட்டுவான். விடுகிறவன் ரிலீஸ் என்று சொல்லி ஒன்றைக் குறைப்பான். பூஜ்யத்துக்கு வந்தால் பொருள் காலி. விட மறந்தால், யாருக்கும் வேண்டாத பொருள் இடத்தை அடைத்துக்கொண்டு சாகாமல் உட்கார்ந்திருக்கும். அவசரப்பட்டு விட்டுவிட்டால், இன்னொருவன் கையில் இருப்பது இடிந்த வீட்டின் விலாசம். அவன் நம்பிப் போய்க் கதவைத் தட்டுவான். புரோகிராம் செத்து விழும்.

இது எங்கள் மண்டையில் ஏற வேண்டும் என்று, சுவிட்ச் போர்டுக்குக் கீழே ஒரு கிண்ணம் வைத்தார். விசிறிக்குக் கீழே வந்து உட்காருகிறவன் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். எழுந்து போகிறவன் ஒன்றை எடுத்துவிட வேண்டும். கிண்ணத்தைக் காலி செய்கிறவன் விசிறியை நிறுத்த வேண்டும். மற்றபடி எவனும் சுவிட்சைத் தொடக் கூடாது.

பொங்கலுக்கு முந்தின நாள் பேட்டை ஊருக்குப் போகும் அவசரத்தில் கொட்டையை எடுக்காமல் ஓடிவிட்டான். கடைசியாகக் கிளம்பியது நானும் சாரும். கிண்ணத்தில் ஒரு கொட்டை. அறையில் ஆள் இல்லை. விசிறி சுற்றுகிறது.

"நிறுத்திடலாம் சார்."

"எவனோ புடிச்சிக்கினு இருக்கானே தம்பி."

"யாருமே இல்லையே சார்."

"நமக்குத் தெரியல. அவ்ளோதான். தெரியாம நாம எப்படி விடறது?"

பூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். காணும் பொங்கல் கழிந்து திறக்கும்வரை அந்த விசிறி ஆளில்லாத அறைக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. முதலாளி வந்து, "யாருக்குய்யா இவ்ளோ காத்து?" என்று கத்தினார். விலாசம் சார் நடுங்கிக்கொண்டே, ஆனால் கொஞ்சம் பெருமையாக, "இதாங்க மொதலாளி, விட மறந்தா இன்னா ஆவும்ன்னு இவனுங்களுக்கு இனிமே மறக்காது," என்றார். மறக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் வீட்டில் விசிறியை நிறுத்தும் முன் சுற்றிலும் ஒருமுறை பார்க்கும் பழக்கம் இருக்கிறது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடியும் ஊரை உலுக்கிய வருஷங்களும் அவைதான். திடீரென்று ஒரு நாள் காலையில் ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் கிடக்கும். பஸ் கிளம்பும், போய்ச் சேரும் என்று கண்டக்டரே சத்தியம் செய்யமாட்டார். உரக்கடை ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கி வைத்திருப்பார்கள். யூரியா வேண்டியவர்கள் தவழ்ந்து போய் வாங்கினார்கள். பேட்டையின் அண்ணன்கள் இருவர் மறியலில் இருந்தார்கள். "எங்க வூட்ல மூணு பேரு படிச்சிட்டு ஏரு ஓட்டறோம் சார், வேற இன்னா பண்ணச் சொல்ற?" என்று அவன் கேட்டான். அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் நியாயம் கையில் அரிவாளோடு வரும்போது, பார்க்கிறவன் ஓர் அடி பின்னால் நகரத்தான் செய்வான். போலீஸ் வேன் ஒன்று கடைவீதியில் மெதுவாகப் போனால் போதும், அரைமணிக்குத் தெருவில் பேச்சே இருக்காது. விலாசம் சார் அந்த நாட்களில் ஜன்னலிலிருந்து எட்டடி தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் கல்வராயன் மலையில் வைத்தியம் பார்க்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஒரு சின்ன புரோகிராம் செய்து கொடுத்திருந்தோம். வெளிநாட்டுப் புண்ணியவான் ஒருவர் அவர்களுக்கு இரண்டு ஐபோன் கொடுத்திருந்தார். ஒன்று வெள்ளிமலையில், அங்கே இருந்த சிஸ்டரிடம். இன்னொன்று மலைக்குள்ளே ஒரு பள்ளிக்கூடச் சுவரில், சார்ஜர் வயரோடு ஆணியில் தொங்கும். வெள்ளிமலையில் பாம்புக்கடிக்கு ஊசி இருக்கிறதா இல்லையா என்று சிஸ்டர் தன் போனில் போட்டால், சிக்னல் கிடைக்கும் நேரம் பார்த்து அது பள்ளிக்கூடத்துப் போனுக்குப் போய்விடும். இருந்தால் வெள்ளிமலைக்குத் தூக்கிப் போகலாம். இல்லாவிட்டால் நேரத்தை வீணாக்காமல் வேறு பாதையில் நேரே கீழே இறங்கிவிடலாம். சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் எல்லோரும் வந்து பார்ப்பார்கள். உயிர் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் அதை எங்கள் யாரையும் தொட விடவில்லை. விலாசம் சாரே முழுவதும் எழுதினார்.

ஒரு நாள் முற்பகல் சிஸ்டர் போன் செய்தார். சார் ஸ்பீக்கரில் போட்டார். போனைக் காதில் வைத்தால் காது கெட்டுவிடும் என்று பயம்.

"சார், ஊசி தீந்துபோயி ஒரு வாரமாச்சு. நான் அன்னிக்கே 'இல்ல'ன்னு போட்டுட்டேன். இன்னிக்கி ஸ்கூலுக்குப் போயி பாக்கறேன், பச்சையா 'மருந்து இருக்கு'ன்னு காட்டிக்கினு இருக்குது. ஏன் சார்?"

"அத மொதல்ல ஆஃப் பண்ணுங்க சிஸ்டர்!"

"எப்படின்னு தெரியல. பேட்டரியக் கழட்டலாம்னா கழட்டவே வரல. துணியில சுத்தி இங்க வெள்ளிமலைக்கு எடுத்தாந்து பெட்டியில வெச்சிட்டேன்."

"நல்லது பண்ணீங்க."

"அது இல்ல சார்." சிஸ்டரின் குரல் மாறியது. "ஊசி தீந்த மறுநாளு ஒருத்தரப் போர்வையில தொட்டில் கட்டித் தூக்கிக்கினு வந்தாங்க. பாம்பு கடிச்சிருந்துச்சு. ஊசி இல்லன்னதும், 'போன்ல இருக்குன்னு போட்டிருக்கே'ன்னு ஒரே சண்ட. எனக்கு அப்ப ஒண்ணும் புரியல. வாடக ஜீப்பு ஒண்ணப் புடிச்சி கீழ அனுப்பி வெச்சேன். அன்னிக்கிதான் சார் ரோட்ல மரத்த வெட்டிப் போட்டாங்க."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா ஆச்சுன்னு தெரியல சார்."

சார் போனை வைத்துவிட்டுத் தன் கம்ப்யூட்டரில் அந்த வரியைத் தேடினார். நாங்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றோம். விஷயம் இதுதான். ஆமாம், இல்லை என்பது சரக்கு. அதை அப்படியே மூட்டை கட்டி இன்னொரு போனுக்கு அனுப்ப முடியாது. ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவைத்தான் அனுப்ப வேண்டும். அங்கே கைக்குக் கிடைப்பது டப்பாவின் விலாசம். டப்பாவைத் திறந்து உள்ளே ஆமாமா, இல்லையா என்று பார்க்க வேண்டும். விலாசம் சாரின் வரி திறக்கவில்லை. டப்பா இருக்கிறதா என்று மட்டும் கேட்டது. இருந்தது. உள்ளே 'இல்லை' என்பதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு டப்பா இருந்தது. உடனே, மருந்து இருக்கிறது என்று பச்சை எழுத்தில் எழுதிவிட்டது. ஊசி இருந்த நாட்களில் அது உண்மையாகவும் இருந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கம்ப்யூட்டரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். அவர் அந்த வரியிலிருந்த சின்ன நட்சத்திரத்தை விரலால் தொட்டார்.

"ஸ்டார் போட்டிருக்கன் பாருடா பேட்ட. நாந்தான் போட்டிருக்கன். போட்டுட்டு, சரக்குன்னு நெனச்சிட்டன்."

பேட்டை முதல்முறையாக நடுங்கினான்.

பெரியாஸ்பத்திரியில் போய் விசாரித்தோம். "பேரு இன்னா?" தெரியாது. "ஊரு?" மலைக்கு மேலே. "மலைன்னா எந்த மலைய்யா? பாம்புக்கடி தெனம் வருது, போங்க," என்றார்கள். மறுநாள் காலை விலாசம் சார் மடிக்கணினியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார். முதலாளி மாடிப்படியில் வழிமறித்தார்.

"எங்கய்யா போற? வெளிய மரம் வெட்டிக்கினு இருக்கான்!"

"மலைக்குங்க மொதலாளி."

"உனக்குக் கடைக்குப் போயி சோப்பு வாங்கவே பயமாச்சே?"

"இப்பவும் பயமாத்தாங்க இருக்குது," என்றார், செருப்பைத் தேடிக்கொண்டே.

முதலாளி என்னைப் பார்த்தார். "நீ எழுதற பக்கத்த எவன் படிக்கிறான்? நீயும் கூடப் போ." இலக்கியத்துக்கு நான் செய்த தியாகங்களில் இது ஒன்று.

கச்சிராயபாளையத்துக்கு முன்பே பஸ் நின்றுவிட்டது. குறுக்கே மரம். மரத்தின் மேல் பத்துப் பதினைந்து பேர். எல்லோர் கையிலும் ஏதாவது ஒன்று. இறங்கி நடந்தோம். சார் இரண்டு அடிக்கு ஒருமுறை திரும்பி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டார்.

"யோவ், பையில இன்னா?" என்றான் ஒருவன்.

நான் என் எம்.ஏ.வோடு ஓரமாக ஒதுங்கினேன். விலாசம் சார் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சு விடாமல் பேசினார். "கம்ப்யூட்டருங்க. ஊசி இல்லாத டப்பாவ இருக்குன்னு காட்டிடிச்சிங்க. நாந்தாங்க எழுதனேன். ஒருத்தர பாம்பு கடிச்சி தூக்கிக்கினு வந்தாங்களாம். உசுரோட இருக்காரா இல்லியான்னு தெரியலிங்க. அதான் பாக்கப் போறன். அடிக்கறதுன்னா வரும்போது அடிச்சிக்குங்க."

கூட்டத்தில் பெரியவர் போலிருந்தவர் மரத்திலிருந்து இறங்கினார். "பாம்புக்கடிக்குப் போறவன எவன்யா அடிக்கப் போறான்? கண்ணத் தொற. டேய், சாரு கையப் புடிச்சி மரத்தத் தாண்டி வுடுங்கடா. அந்தாண்ட ஜீப்பு நிக்கிது."

இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி அவரை மறுபக்கம் இறக்கினார்கள். என்னை யாரும் தூக்கவில்லை. நானே ஏறி, வேட்டியைக் கிழித்துக்கொண்டு குதித்தேன்.

மலைப்பாதை ஆரம்பித்ததும் அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். ஜீப்பில் மரவள்ளி மூட்டைகள், எட்டுப் பேர், இரண்டு கோழி. ஒவ்வொரு வளைவிலும் என் தொடையைப் பிடித்துக் கேட்பார்.

"தம்பி, எடது பக்கம் இன்னா தெரிது?"

"மரம் சார்."

"மரத்துக்கு அந்தாண்ட?"

"அந்தாண்ட ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லன்னு ஏன்யா சொல்ற? பொய் சொல்லத் தெரியாதா உனக்கு? எம்.ஏ. படிச்சிருக்க!"

வெள்ளிமலையில் பெட்டியைத் திறந்து, போனை மடிக்கணினியோடு இணைத்து, டப்பாவைத் திறந்து பார்க்கும்படி அந்த வரியைத் திருத்தினார். சிஸ்டர் தன் போனில் 'இல்லை' என்று போட, அது சிவப்பாக 'மருந்து இல்லை' என்று காட்டியது. ஒரு முறை போதாது அவருக்கு. சிஸ்டர் கைவலிக்கிறது என்று சொல்லும்வரை இருக்கு, இல்லை, இருக்கு, இல்லை என்று போட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு, "அந்தாளு எந்த ஊரு சிஸ்டர்?" என்றார்.

"ஊரு சொல்லல சார். காட்டுப் பக்கம் கைய காட்டனாங்க. நாலு வூடு, அஞ்சு வூடுன்னு செதறிக் கெடக்கும் இங்க. ஒவ்வொண்ணாத்தான் பாக்கணும்."

ஒவ்வொன்றாகத்தான் பார்த்தோம். மரங்களை அகற்றி பஸ் ஓடத் தொடங்கியபின், ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். கூப்பிடமாட்டார். எங்கள் தெருவில் நாய் உண்டு. ஆகவே கேட்டைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வரவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நிற்பார். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவேன்.

ஒரு ஊரில் பாம்பு பிடிக்க வந்த ஆட்கள் என்று எண்ணிக் கூரையைக் காட்டினார்கள். "அங்கதாங்க பூந்துச்சு." சார் பக்கத்திலிருந்த பாறை மேல் ஏறிக்கொண்டார். அவரை இறக்க நேரமாகி, அந்த ஞாயிறு அத்தோடு போயிற்று. இன்னொரு ஊரில் எங்கள் கேள்வியைக் கேட்டதும் ஒரு பெரியவர் தலையைத் தொங்கப் போட்டார்.

"போன மாசந்தாங்க போய்ச் சேந்துட்டான். எந் தம்பிதான்."

விலாசம் சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் கேட்டேன், எப்படி என்று.

"பலா மரத்துலர்ந்து வுழுந்துட்டான்."

"அப்பாடா!" என்றார் விலாசம் சார், ஊருக்கே கேட்கும்படி.

பெரியவர் நிமிர்ந்து பார்த்த பார்வையை என்னால் விளக்க முடியாது. கையெடுத்துக் கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, சாரை இழுத்துக்கொண்டு நான் வந்த வேகத்தில் பள்ளிப் பருவத்துக்குப் பிறகு ஓடியதில்லை. வழியெல்லாம் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா மனுசன் நானு, ஒருத்தன் செத்ததுக்கு அப்பாடாங்கறேன்." அன்று மாலை பஸ்ஸில், "வுட்டுடலாம் சார், எத்தன ஊருன்னு தேடறது?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "தெரியாமயே இருந்துட்டா, நெதம் ஒரு தடவ அந்தாளு சாவறான் தம்பி. தெரிஞ்சிட்டா ஒரு தடவதான்," என்றார். அடுத்த ஞாயிறும் நான் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் ஒரு மரவள்ளிக் கொல்லையில் எங்களுக்கு வழி சொன்ன ஆள், கேள்வியை முழுவதும் கேட்டுவிட்டு, "வெள்ளிமலைக்குப் போர்வையில தூக்கிக்கினு போனதா? அது நாந்தானே," என்றார்.

மண்வெட்டியோடு நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். நன்றாகவே இருந்தார். விலாசம் சார் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். நம்பவில்லை.

"நீங்கதானா?"

"நானேதாங்க. வெள்ளிமலையில ஊசி இல்லன்னாங்க. ஜீப்புல எறங்கனா கீழ மரம் கெடக்குது. மறியல் பண்ணிக்கினு இருந்த ஆளுங்களே மரத்தத் தாண்டி என்ன தூக்கிக்கினு ஓடி, ஒரு பையன் பைக்குல நடுவுல குந்த வெச்சி, பின்னால ஒருத்தன் புடிச்சிக்கினு, கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போயி சேத்தானுங்க. ரெண்டு நாளு நெனவு இல்லன்னாங்க. அப்பறம் சோறு கேட்டேனாம்."

"அந்தப் போன்ல இருக்குன்னு காட்டினது என்னாலதாங்க," என்றார் சார். சொல்லிவிட்டு, அடி விழும் என்று நிற்பவர் போல நின்றார்.

அந்த மனிதருக்கு அது ஏறவே இல்லை. "போனு காட்டிச்சி. இன்னா பண்றது. அதுக்கு இன்னா தெரியும், பாவம்."

"எந்தக் கால்ல கடிச்சிது?"

அவர் குனிந்து பார்த்தார். வலது காலைத் தூக்கினார். யோசித்தார். இடது காலைத் தூக்கினார். "இதான்னு நெனைக்கிறன்."

களை பிடுங்கிக்கொண்டிருந்த அவர் மனைவி அங்கிருந்தே கத்தினார். "அது முள்ளு குத்தனதுய்யா! பாம்பு கடிச்சது சோத்தாங்கை பக்கத்துக் காலு!"

"இன்னாடி நீ, என் காலு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் ரெண்டையும் தூக்கிக்கினு நிக்கிற?"

விலாசம் சார் சேற்றில் மண்டியிட்டு இரண்டு காலையும் பார்த்தார். ஒன்றில் விரலால் மண்ணைத் துடைத்தார். பிறகு இன்னொன்றிலும். அந்த ஆளுக்கு வெட்கமாகிவிட்டது. எழுப்பப் பார்த்தார், முடியவில்லை. எதற்காக இப்படி ஒருவர் வந்து தன் காலைப் பார்த்து அழுகிறார் என்று கடைசிவரை அவருக்கு விளங்கவில்லை. போகும்போது ஆளுக்கு ஒரு பை மரவள்ளிக்கிழங்கு கட்டிக் கொடுத்தார். சார் வாங்கிக்கொண்டு, "இது பச்சையா தின்னா விஷம்தான?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. மனிதர் பழையபடி ஆகிவிட்டார்.

கடைசி பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கினோம். இத்தனை ஞாயிறும் அந்தப் பாதையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர், முதல் வளைவு திரும்புவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார். வளைவுக்கு வளைவு தலை போய் ஜன்னல் கம்பியில் இடித்தது. எழுப்ப மனசு வரவில்லை. கச்சிராயபாளையம் வருகிறவரை, கம்பிக்கும் அவர் தலைக்கும் நடுவில் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வந்தேன்.